பார்லர் படிப்புக்கு முன் ஒரு கணக்கு



பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் நம்மவர்கள் எந்தக் காரியத்தையும் தொடங்குவதில்லை. வீடு மாறினாலும் தேங்காய், வளைகுடாவுக்கு விமானம் ஏறினாலும் தேங்காய், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாலும் தேங்காய். போன மாதம் ஒரு மாலை, அப்படித் தேங்காய் உடைத்த கையோடு ஒரு தாயார் நம் சங்க அறைக்கு வந்தார். தோவாளைப் பூவை வாங்கித் தொடுத்துக் கிழக்கேகோட்டையில் விற்றுப் பிழைப்பவர். கணவர் சாலைக் கம்போளத்தில் மூட்டை தூக்கியவர். இடுப்பு போய் இப்போது வீட்டில் இருக்கிறார். மகள் ஜவுளிக் கடையில் வேலை செய்கிறாள்.

"அண்ணாச்சி, மவ பார்லர் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. ஒரு லட்சம் கேக்காவ. கழுத்துல கெடக்கத வச்சிரலாம்னு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமா இது? வேண்டாம் என்று சொன்னால் ஒரு பெண்பிள்ளையின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்றவர்கள் ஆவோம். சேர்த்துவிடுங்கள் என்று சொன்னால் அந்தத் தாயாரின் கழுத்து நகைக்கு நாம் பொறுப்பாளிகள் ஆவோம். எனவே ஒரு வாரம் அவகாசம் கேட்டோம். அந்த ஒரு வாரத்தில் பார்லரில் வேலை செய்யும் நம் பெண்களையும், சொந்தமாகக் கடை வைத்திருக்கும் இரண்டு பேரையும், பணம் கட்டிப் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டவர்களையும் தேடிப் பிடித்துப் பேசினோம். கேட்டதையும் கணக்குப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறோம். இந்தக் கேள்வி அந்த ஒரு தாயாருடையது மட்டுமல்ல. நம் குடும்பங்களில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண் இருக்கும் வீடுகளில் எல்லாம் இன்று இதே பேச்சுத்தான்.

அதற்கு முன் நம் பக்கத்துத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் சங்க விழாவுக்கு ஒரு பயிற்சி நிலையம் விளம்பரம் கொடுத்தது. பணம் வாங்கிக்கொண்டு அவர்களுடைய நோட்டீசை நாமே வாசலில் நின்று விநியோகித்தோம். கட்டணம் எவ்வளவு, சான்றிதழ் யாருடையது, படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த நோட்டீசை நம்பிச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் கணக்கைத்தான் கீழே தருகிறோம்.

தொழில் மட்டமானதல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அழகுக்கலைத் தொழிலை இழிவாகப் பேசுவோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். "பொம்பளப் புள்ள ஊரான் தலையப் பிடிச்சிட்டு நிக்கவா?" என்று கேட்ட பெரியவர் ஒருவரை நமக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்குள்ளே இருப்பது சாதி.

நம் ஊர்களில் முடிதிருத்துவதும், மணமகனை ஒப்பனை செய்வதும் மருத்துவர் சமூகத்தார் செய்து வந்த தொழில்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள். ஊருக்கு அவர்கள் இல்லாமல் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. ஆனால் அவர்களைத் திண்ணையில் உட்கார வைத்தவர் எத்தனை பேர்? அன்று அந்தத் தொழிலைக் கற்க ஒரு காசு கட்டணம் கிடையாது. பட்ட அவமானம்தான் கட்டணம். இன்று அதே சீப்புக்கும் கத்திரிக்கும் காஸ்மெட்டாலஜி என்று பெயர் மாறியதும் எல்லாச் சாதிப் பெண்களும் அதைக் கற்க வருகிறார்கள். இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் பரம்பரையாகச் செய்தவனிடம் சும்மா வாங்கிய வேலையை, இப்போது படிப்பு என்று பெயரிட்டு லட்சத்துக்கு விற்பவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆக, தொழில் நல்லதா கெட்டதா என்பது நம் கேள்வி அல்ல. தொழில் நல்லதுதான். அதைக் கற்பதற்கு நாம் கொடுக்கும் விலை நியாயமா என்பதே கேள்வி.

செலவுக் கணக்கு

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்துப் பார்த்து, எதையும் வரவு செலவு என்று இரண்டு பக்கமாக எழுதிப் பார்ப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தக் குடும்பத்தின் கணக்கை அப்படியே எழுதுகிறோம்.

நோட்டீசில் இருந்த கட்டணம் 1,00,000 ரூபாய். பணம் கட்டப் போனபோதுதான் அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் உண்டு என்றார்கள். ஆக 1,18,000. கிரீம், பிரஷ், கத்திரி, பயிற்சிக்கான பொம்மைத் தலை எல்லாம் அடங்கிய பெட்டியை அவர்களிடம்தான் வாங்க வேண்டுமாம், 12,000. சீருடையும் பரீட்சைக் கட்டணமும் 3,000. எட்டு மாதம் பஸ்சுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் மாதம் 1,500 வீதம் 12,000. கூட்டினால் 1,45,000 ரூபாய். ஒரு லட்சம் என்று ஆரம்பித்த காரியம், ஏறக்குறைய ஒன்றரை லட்சத்தில் வந்து நின்றது.

இதில் எழுதாத செலவு ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் அதற்கு முன் ஜவுளிக் கடையில் 9,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தாள். எட்டு மாதம் அது நின்றது. அதாவது 72,000 ரூபாய் வீட்டுக்கு வராமல் போயிற்று. சேர்த்துப் பார்த்தால் 2,17,000.

பணம் எங்கிருந்து வந்தது? கையிருப்பு 40,000. நகையை வைத்து 60,000. மிச்சம் 45,000 பிளேடு வட்டிக்காரனிடம். நகைக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய், பிளேடுக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய் என்று வைத்தால், மாதம் 600ம் 1,350ம் ஆக 1,950 ரூபாய் வட்டி மட்டும்.

வரவுக் கணக்கு

படிப்பு முடிந்தது. பட்டமளிப்பு போல அங்கியெல்லாம் போட்டுப் படம் எடுத்தார்கள். வேலைக்கு ஏற்பாடு செய்வோம் என்ற வாக்குறுதியையும் நிறைவேற்றினார்கள். ஒரு பார்லரில் சேர்த்துவிட்டார்கள். முதல் மூன்று மாதம் "டிரெயினி" என்று 5,000. பிறகு 9,500.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் கணக்கில் ஏமாறுகிறார்கள். "மாதம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு வருகிறதே, ஒன்றரை வருடத்தில் போட்ட பணம் வந்துவிடாதா" என்கிறார்கள். வராது, தோழர்களே! அவள் படிக்காமல் ஜவுளிக் கடையிலேயே இருந்திருந்தாலும் 9,000 வந்திருக்கும். படிப்பினால் வந்தது அதற்கு மேல் உள்ள 500 ரூபாய் மட்டுமே. அந்த 500 ரூபாயை எதிர்பார்த்து மாதம் 1,950 ரூபாய் வட்டி கட்டினார்கள். படிப்பின் லாபத்தை மொத்தச் சம்பளத்தை வைத்துப் பார்க்கக் கூடாது. கூடுதலாகக் கிடைத்ததை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு வரியை நம் வாசகர்கள் மனத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்குக் கை தேர்ந்தது; சம்பளம் 13,000 ஆயிற்று. இப்போது கூடுதல் 4,000. அதில் ஒரு பைசா வீட்டுச் செலவுக்கு எடுக்காமல் கடனுக்கே கட்டினாலும், முதலில் பிளேடையும் பிறகு நகையையும் தீர்க்க இன்னும் ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். படித்த எட்டு மாதம், கைதேர்ந்த இரண்டு வருடம், கடன் தீரும் மூன்று வருடம் எல்லாம் சேர்த்தால் ஐந்தரை வருடத்துக்கு மேல். இருபது வயதில் சேர்ந்த பெண்ணுக்கு இருபத்தைந்து தாண்டும்வரை தாயின் கழுத்து வெறுங்கழுத்து.

சம்பளத்தைத் தவிர வேறு வரவு இல்லையா என்றால், உண்டு. கல்யாணப் பெண்ணுக்கு ஒப்பனை செய்யும் அளவுக்குக் கை தேர்ந்தவர்கள் ஒரு முகூர்த்த நாளில் நல்ல தொகை பார்க்கிறார்கள். சொந்தக் கடை வைத்திருக்கும் நம் பெண்கள் இருவரும் இதைத்தான் சொன்னார்கள். ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம். இங்கே கர்க்கடகம், நம் ஊரில் ஆடி. இங்கே தனு, நம் ஊரில் மார்கழி. இந்த மாதங்களில் கல்யாணம் இல்லை, கையில் காசும் இல்லை. வட்டிக்காரனுக்கு ஆடியும் இல்லை மார்கழியும் இல்லை.

உடம்புக் கணக்கு

இதற்கு ரூபாயில் எண் போட முடியாது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. புருவம் திருத்துகிற பெண் கழுத்தைக் குனிந்தபடி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறாள். முடிச்சாயத்தில் உள்ள ரசாயனம் சிலருக்குத் தோலை அரித்துவிடுகிறது. முடியை நேராக்கும் சில மருந்துகளிலிருந்து சூட்டில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத ஏ.சி. அறையில் அதை முதலில் சுவாசிப்பது வேலை செய்பவள்தான். முடிதிருத்துவோர், சிகை ஒப்பனை செய்வோர் தொழிலில் நேரும் ரசாயனப் பழக்கத்தை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகமுள்ள வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்திருக்கிறது. 2010இல் வெளியிட்ட தொகுதியிலும் அதை உறுதி செய்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கையுறையும் காற்றோட்டமும் கேட்பது தொழிலாளியின் உரிமை என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லித்தர வேண்டாமா? நாம் விசாரித்தவர்களில் ஒருவருக்கும் அதைச் சொல்லித்தரவில்லை.

காகிதமும் கையும்

"சான்றிதழ் இருந்தால்தானே பார்லர் வைக்கலாம்?" என்று பலர் கேட்கிறார்கள். இது தவறான எண்ணம். கடை வைக்கக் கார்ப்பரேஷன் லைசென்ஸ் வேண்டும்; 1960ஆம் ஆண்டின் கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டப்படி பதிவு வேண்டும். அழகுக்கலைப் படிப்புச் சான்றிதழ் இருந்தால்தான் கடை திறக்கலாம் என்று இல்லை. வாடிக்கையாளர் சுவரில் மாட்டிய காகிதத்தைப் பார்த்து வருவதில்லை. போன தடவை புருவம் சரியாக வந்ததா என்று பார்த்துத்தான் வருகிறாள்.

அப்படியானால் சான்றிதழே வேண்டாமா? வேண்டும். வங்கிக் கடனுக்கும், வெளிநாட்டு வேலைக்கும், நாளைக்குப் பயிற்சி ஆசிரியை ஆவதற்கும் அது உதவும். ஆனால் எந்தச் சான்றிதழ்? ஐ.டி.ஐ.யில் படித்தால் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழ். நாடு முழுதும் செல்லும். "இன்டர்நேஷனல் டிப்ளமா" என்று தங்க எழுத்தில் அச்சடித்துத் தருவதை, அச்சடித்த நிலையத்தைத் தவிர வேறு யார் ஏற்பார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

சட்டமே சான்றிதழைக் கட்டாயமாக்கிய நாட்டில் என்ன நடந்தது என்பதையும் பார்ப்போம். அமெரிக்காவில் லைசென்ஸ் இல்லாமல் அடுத்தவர் முடியை வெட்ட முடியாது. அயோவா என்ற மாநிலத்தில் அந்த லைசென்சுக்கு 2,100 மணி நேரம் பள்ளியில் படித்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2018 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதை ஆராய்ந்து எழுதியது. 21,000 டாலர் கடனோடு வெளியே வந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது மணிக்கு 9 டாலர் வேலை. பள்ளிகளோ மாணவிகளிடம் கட்டணமும் வாங்கின. அதே மாணவிகளை வைத்து வாடிக்கையாளருக்கு வேலை செய்து அதற்கும் காசு வாங்கின. 2023இல்தான் அந்த மாநிலம் 2,100 மணியை 1,550 ஆகக் குறைத்தது. பணக்கார நாட்டிலேயே இந்தக் கதி என்றால், சட்டம் கட்டாயப்படுத்தாத நம் நாட்டில் நாமாகப் போய் ஏன் கழுத்தை நீட்ட வேண்டும்?

மலிவான வழி இருக்கிறதா?

இருக்கிறது. நம்மவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் வேதனை.

ஒன்று, ஐ.டி.ஐ. காஸ்மெட்டாலஜி என்பது ஐ.டி.ஐ.யில் ஒரு வருடத் தொழிற்பிரிவு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அரசு நிலையங்களில் கட்டணம் தனியார் அகாடமியின் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. நம் ஊரிலேயே, கழக்கூட்டத்தில், பெண்களுக்கென்றே மத்திய அரசின் தேசியத் திறன் பயிற்சி நிலையம் இருக்கிறது. இந்த வருடம் எந்தெந்தப் பிரிவில் எத்தனை இடம் என்று நேரில் போய்க் கேட்க வேண்டும். தம்பானூரிலிருந்து ரயிலிலேயே போய் வரலாம். மாணவர் சீசன் டிக்கெட் சலுகை பற்றி எங்களிடம் கேளுங்கள், விவரமாகச் சொல்கிறோம்.

இரண்டு, ஜன சிக்ஷண் சன்ஸ்தான். 1967இல் பம்பாயில் தொழிலாளருக்காக ஷ்ரமிக் வித்யாபீடம் என்ற பெயரில் தொடங்கியது. 2000இல் பெயர் மாறியது. திருவனந்தபுரத்திலும் உண்டு. பள்ளிப் படிப்பை நடுவில் விட்டவர்களும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும்கூடச் சேரலாம் என்பதே இதன் சிறப்பு. அழகுக்கலை இதில் சொல்லித்தரும் தொழில்களில் ஒன்று. பத்தாவது தேறாத நம் பெண்களுக்கு இதுவே வாசல்.

மூன்று, பரம்பரையாக முடிதிருத்தும் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு 2023 செப்டம்பரில் வந்த பி.எம். விஸ்வகர்மா திட்டம். சில நாள் பயிற்சி, பயிற்சி நாட்களுக்கு 500 ரூபாய் வீதம் படி, கருவி வாங்க 15,000 ரூபாய், பிறகு 5 சதவீத வட்டியில் முதல் தவணையாக ஒரு லட்சம் வரை கடன். வீட்டுக்கு ஒருவர்தான் சேர முடியும். அந்த ஒருவர் மகளாக இருக்கட்டுமே என்று அப்பன்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

வழி இருந்தும் நம்மவர்கள் ஏன் போவதில்லை? இங்கேதான் நாம் புலம்பெயர்ந்தவர்கள் என்பது உறைக்கிறது. விண்ணப்பமும் பாடமும் மலையாளத்தில் அல்லது ஆங்கிலத்தில். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த நம் குடும்பங்கள் தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழைக் கேரளத்தில் காட்டினால் மாநில இட ஒதுக்கீடு கிடைப்பதில்லை. பிழைக்க வந்த மாநிலத்தில் அந்த உரிமையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 1990இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சரி, தமிழ்நாட்டுச் சலுகையாவது உண்டா? 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், மேலே படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். சாலையில் தமிழிலேயே படித்த நம் பிள்ளைக்கு அது இல்லை. 1956இல் மாநில எல்லை வகுத்தபோது கன்னியாகுமரி அந்தப் பக்கம் போயிற்று; பிழைப்புத் தேடி வந்த நாம் இந்தப் பக்கம் நிற்கிறோம். இரண்டு அரசுக்கும் நாம் அடுத்த வீட்டுப் பிள்ளைகள்.

அரசு வாசல் இப்படி அடைபட்டிருப்பதால்தான் அகாடமிக்காரனின் வாசல் நமக்கு அகலமாகத் தெரிகிறது. அவன் சான்றிதழ் கேட்பதில்லை, மொழி கேட்பதில்லை. நகை இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறான்.

அகதிப் பெண்கள் காட்டிய பாதை

நம்மைவிட மோசமான நிலையில் இருந்தவர்கள் இதே தொழிலில் எப்படி எழுந்தார்கள் என்று பாருங்கள். 1975இல் வியட்நாம் போர் முடிந்து, அகதிகள் அமெரிக்காவுக்குக் கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்கினார்கள். கலிபோர்னியாவில் ஹோப் வில்லேஜ் என்ற முகாமுக்கு உதவி செய்ய டிப்பி ஹெட்ரன் என்ற நடிகை வருவார். ஹிட்ச்காக் எடுத்த 'தி பேர்ட்ஸ்' படத்தின் கதாநாயகி. அவர் நகங்களின் அழகை முகாம் பெண்கள் வியந்து பார்த்தார்களாம். இதையே இவர்களுக்குத் தொழிலாகக் கற்றுத் தந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தம் நகங்களைத் திருத்தும் பெண்ணை அழைத்து வந்தார். பக்கத்து ஊர் அழகுக்கலைப் பள்ளியின் உதவியைப் பெற்றார். 20 பெண்கள் படித்து லைசென்ஸ் வாங்கினார்கள். கற்றவர்கள் தங்கள் உறவினருக்கும் ஊராருக்கும் வழி காட்டினார்கள். இன்று அமெரிக்காவில் நக ஒப்பனைத் தொழில் செய்வோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் வியட்நாமிய வம்சத்தவர்.

அந்த 20 பேரும் தனித்தனியாகக் கடன் வாங்கிக்கொண்டு போகவில்லை. கூட்டமாகச் சேர்ந்து கற்றார்கள். முழு அழகுக்கலையையும் ஒரேயடியாகப் படிக்கவில்லை. குறைந்த காலத்தில் கைக்கு வரும் ஒரு பிரிவை எடுத்தார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குக் கை கொடுத்தார்.

ஆனால் கைத்தொழில் மட்டும் போதாது என்பதையும் அதே நாடு காட்டியது. 2015இல் நியூயார்க் நகர நகப் பார்லர்களைப் பற்றி ஒரு பத்திரிகை விசாரணை வந்தது. புதிதாக வரும் புலம்பெயர்ந்த பெண்கள் முதலாளிக்குத் தாங்களே பணம் கட்டி, வாரக்கணக்கில் சம்பளம் இல்லாமல் வேலை செய்தது அப்போது வெளிப்பட்டது. நம் நாட்டிலும் 2021 அக்டோபரில் குருகிராமில், செல்போன் செயலி மூலம் வீட்டுக்கு வந்து பார்லர் வேலை செய்யும் பெண்கள், கமிஷன் பிடித்தத்தை எதிர்த்து நிறுவனத்தின் வாசலில் உட்கார்ந்தார்கள்.

கேரளத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்கள் உட்கார நாற்காலி கேட்டுக் கோழிக்கோட்டில் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கை தரச் சொன்னது. 2021இல் தமிழ்நாடும் அதே வழியில் சட்டம் செய்தது. அந்தப் பெண்கள் எந்த அகாடமியிலும் டிப்ளமா வாங்கவில்லை. ஒன்றுசேர்ந்தார்கள், நாற்காலி வந்தது.

ஆகவே என்ன செய்வது?

பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். வரியும் பெட்டியும் பரீட்சையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எழுதித் தருவார்களா? சான்றிதழ் கொடுப்பது யார்? போன வருடம் படித்தவர்களில் இரண்டு பேரின் வேலை இடத்தைக் காட்டுவார்களா? நடுவில் நின்றால் பணம் திரும்ப வருமா? பயிற்சியில் உயிருள்ள தலையில் எத்தனை நாள் வேலை, பொம்மைத் தலையில் எத்தனை நாள்? இவற்றுக்கு நேரான பதில் சொல்லாத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் மலிவாகக் கற்று வேலைக்குப் போகட்டும். ஒரு வருடம், இரண்டு வருடம் கை பழகட்டும். தனக்கு எந்தப் பிரிவு வருகிறது என்று அவளுக்கே தெரிந்த பிறகு, கல்யாண ஒப்பனை போன்ற ஒன்றை மட்டும் தன் சம்பாத்தியத்தில் பணம் கட்டிப் படிக்கட்டும். அந்தப் பணம் வீணாகாது. வாடிக்கையாளர் ஏற்கெனவே அவள் கையில் இருப்பார்கள். கடை வைக்கும் நாளில் முத்ரா கடனில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் கேட்கலாம். பிளேடுக்காரனிடம் போக வேண்டியதில்லை.

பார்லர் முதலாளிகளுக்கும் ஒரு சொல். அவர்களிலும் நம்மவர்கள் உண்டு. "டிரெயினி" என்ற பெயரில் மாதக்கணக்காக முழு வேலை வாங்கிக்கொண்டு அரைச் சம்பளம் கொடுப்பது பயிற்சி ஆகாது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் பயிலுநருக்கு உதவித்தொகை கொடுக்கச் சொல்கிறது. 2019இல் திருத்திய விதியில், படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 வரை குறைந்தபட்சத் தொகை என்று வைத்தார்கள். எங்கள் ரயில்வே ஒர்க்ஷாப்புகளில் அப்ரண்டிஸ்கள் உதவித்தொகை வாங்கிக்கொண்டுதான் தொழில் கற்கிறார்கள். ஸ்பேனர் பிடிக்கக் கற்கிறவனுக்குக் காசு கொடுக்கும் நாட்டில், கத்திரி பிடிக்கக் கற்கிறவள் மட்டும் காசு கொடுக்க வேண்டுமா?

இரண்டு அரசுகளிடமும் நாம் கேட்பது இதுதான். கேரளத்தில் பிறந்து வளர்ந்து இங்கேயே உழைக்கும் தமிழ்ப் பிள்ளைக்குத் தொழிற்பயிற்சியில் கட்டணச் சலுகைக்கு இங்கேயே வழி செய்யுங்கள். எல்லைக்கு வெளியே தமிழில் படிக்கும் பிள்ளைக்கும் தமிழ்நாட்டுத் திட்டங்களை நீட்டுங்கள்.

கடைசியாக நம் சங்கத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நம் அறை சும்மாதான் கிடக்கிறது. சொந்தப் பார்லர் வைத்திருக்கும் நம் பெண்கள் இருவரும் வாரம் இரண்டு மணி நேரம் வந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தமிழிலேயே சொல்லித் தருவார்கள். நாலு வாரம் நூலையும் சீப்பையும் பிடித்துப் பார்த்தால் இந்தத் தொழில் தனக்கு வருமா, தான் அதற்கு வருவாளா என்று ஒரு பெண்ணுக்கே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு ஐ.டி.ஐ. விண்ணப்பமோ, ஜன சிக்ஷண் சன்ஸ்தான் விண்ணப்பமோ எழுத நாங்கள் உட்காருகிறோம். இனி எந்தப் பயிற்சி நிலையத்தின் நோட்டீசையும் விசாரிக்காமல் சங்கத்தின் கையால் கொடுக்க மாட்டோம் என்றும் செயற்குழுவில் முடிவு செய்திருக்கிறோம்.

அந்தத் தாயார் ஒரு வாரம் கழித்து மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். கணக்கை எழுதிக் காட்டினோம். தாயார் ஒன்றும் பேசவில்லை. மகள்தான் கேட்டாள்: "மாமா, நீங்க சொல்லுதது சரிதான். ஆனா துணிக்கடைல எத்தன வருசம் நின்னாலும் நான் சேல்ஸ் கேர்ள்தானே? பார்லர்ல நின்னா என்னைக்காவது எனக்குன்னு ஒரு கடை வரும்லா?"

அந்தப் பெண் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் கணக்கில் அவளுடைய ஆசைக்கு ஒரு பத்தி இல்லைதான். அந்தக் கடை அவளுக்கு வர வேண்டும் என்றுதான் நாமும் விரும்புகிறோம். அம்மாவின் கழுத்தைக் காலி செய்யாமல் வரட்டும் என்கிறோம், அவ்வளவுதான். ஞாயிறு வகுப்புக்கு முதல் பெயராக அவள் பெயரை எழுதியிருக்கிறோம். மற்ற பெண்களும் வாருங்கள். தாய்மார்களே, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டே வாருங்கள். ஆனால் நகைக் கடைக்குப் போவதற்கு முன் வாருங்கள்.